உங்களை உள்ளே கொண்டுபோன தண்ணீர்

அத்தான்,

நேற்று அத்தையின் புடவையை வாஷிங் மெஷினில் போடக் குனிந்தபோது உங்கள் வாடை அடித்தது. நீங்கள் போடும் சோப்பின் வாடை இல்லை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடையும் இல்லை. அழுகிய முட்டையும் உப்பும் கலந்த அந்தச் சேற்று வாடை. குளிர்காலத்துச் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் நீங்கள் வீட்டுக்குள் நுழையுமுன் அது நுழைந்துவிடும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல பாத்ரூமுக்குப் போங்க, பேச்செல்லாம் அப்புறம்" என்று விரட்டுவேன். நேற்று அந்த ஈரப் புடவைக் கரையை முகத்தோடு அழுத்திக்கொண்டு லாண்டரி ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். துணி எடுக்க வந்த மேல்வீட்டு குஜராத்திப் பெண் பயந்துபோய் ஆர் யூ ஓகே என்று கேட்டாள். ஐயாம் ஓகே என்றேன். வேறென்ன சொல்வது?

உங்கள் அம்மா வந்திருக்கிறார். பெரியத்தான் டிக்கெட் போட்டுத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்து, ரிச்சர்ட்சனில் தன் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இப்போது ஜெர்சி சிட்டிக்கு என்னிடம் அனுப்பியிருக்கிறார். உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீங்கள் போனபிறகு வாரம் தவறாமல் போன் பண்ணுகிறவர் அவர் ஒருவர்தான். அத்தை வந்த மறுநாளே, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எம்புள்ளயக் கரைச்ச எடத்தக் காட்டுட்டி" என்றார். முந்தாநாள் கூட்டிப்போனேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் இருந்தபோதும் நான் சுற்றி வளைத்துத்தானே பேசுவேன், நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பீர்கள். இப்போதும் அப்படியே கேளுங்கள்.

என் வீசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள். பேங்கில் ஒய்டூகே வேலை, கோபால் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம்களில் வருஷத்தின் இரண்டு இலக்கத்தை நாலாக்குகிற வேலை எனக்கு. ஊரில் ஜியாலஜி படித்துப் பாறையைத் தட்டிக்கொண்டிருந்த உங்களுக்கு இங்கே முதலில் வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து சாம்பார் வைத்தீர்கள். நல்ல சாம்பார்தான், பொய் சொல்லக்கூடாது. பிறகு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது என்று குதித்துக்கொண்டு வந்தீர்கள். என்ன படிக்கப் போகிறீர்கள் என்றேன். உப்புச் சதுப்பில் வண்டல் எப்படி வந்து படிகிறது என்று, அதிலும் குளிர்காலத்தில், என்றீர்கள். என் சித்தி போனில் ஒரே வரியில் கேட்டாள்: "சேறு படிக்கவா மாப்பிள்ளை அமெரிக்கா போனாரு?" நான் அதை ஒளிக்காமல் உங்களிடம் சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை.

"சேறு சும்மா கெடக்குன்னு நினைக்கியா? அது நடக்கும்ட்டி" என்றீர்கள்.

அதை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன் தெரியுமா. ஆபீஸில், கோயிலில், பொங்கல் பாட்லக் விருந்தில். நடக்கிற சேற்றுக்குப் பின்னால் நடக்கிறவர் என் புருஷன் என்று.

தெற்கே பார்க்வேயில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனால் உங்கள் சதுப்பு. வேறு யாரும் குளிரில் துணைக்கு வர மாட்டார்கள் என்பதால் பாதி நாள் நான்தான் வந்தேன். முதல் தடவை எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், நடுவில் வளைந்து வளைந்து ஓடும் உப்புநீர் ஓடையான கழி, தூரத்தில் ஒரு கோடாகக் கடல். நீங்கள் ரசத்தை வைத்து விளக்கினீர்கள். ரசத்தைக் கலக்கிவிட்டால் மண்டி மேலே வரும், சும்மா வைத்தால் அடியில் தங்கும். இதுவும் அவ்வளவுதான் என்றீர்கள். கடல் ஏறும்போது கழி வழியாகக் கலங்கல் தண்ணீர் உள்ளே வந்து, கரை வழிந்து புல்லுக்குள் போகும். புல் தண்டுகள் தடுத்துத் தடுத்து அதன் வேகத்தை உடைத்துவிடும். கனமான மணல் கரையோரத்திலேயே விழும். மெல்லிய சேறு இன்னும் உள்ளே போய், தண்ணீர் ஏறி முடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்குமே, அப்போது படியும். கடல் வற்றும்போது தண்ணீர் திரும்பும். ஆனால் படிந்ததையெல்லாம் கிளப்பிக்கொண்டு போக அதற்குத் தெம்பு இருக்காது.

"கொண்டு வந்ததெல்லாம் திரும்பிப் போகாது. அதாம் சதுப்பு வளருது" என்றீர்கள். கடல் மட்டம் ஏற ஏற இந்தச் சேறும் ஈடு கொடுத்து ஏறாவிட்டால் புல்லெல்லாம் மூழ்கிச் செத்துவிடும், அதற்குப் பின்னால் இருக்கிற ஊருக்கு அணை இல்லாமல் போய்விடும் என்றும் சொன்னீர்கள். எனக்கு அப்போது கால் விரல்கள் மரத்துப்போய், காரில் இருக்கும் ஃப்ளாஸ்க் காப்பி மட்டும்தான் நினைவில் இருந்தது.

எவ்வளவு படிகிறது என்று பார்க்க, பாத்ரூம் தரைக்குப் போடுகிற டைல்களை வாங்கிப் புல்லுக்குள் அங்கங்கே பதித்து வைப்பீர்கள். கொஞ்ச நாள் கழித்து எடுத்து, மேலே படிந்ததை வழித்துக் காயவைத்து நிறுக்க வேண்டும். ஒரு லீவு நாளில் லேப் பூட்டியிருக்கிறது என்று அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டீர்கள். நம் வீட்டு அடுப்புக்குக் கீழே இருக்கும் பேக்கிங் அவன், எல்லாத் தமிழ் வீட்டு அவனையும் போல, சட்டி பானை அடுக்கி வைக்கும் அலமாரி. இட்லிக் குக்கர், பணியாரச் சட்டி, இரண்டு வாணலி எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்பிவிட்டு, அதற்குள் அலுமினியத் தட்டுகளில் சேற்றை வைத்தீர்கள். அந்த அவனை வாங்கிய நாளிலிருந்து அதில் முதல்முதலாக ஏதோ பேக் ஆனது அன்றைக்குத்தான். ஒரு வாரம் வீடு நாறியது. நான் உங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்களே, "நெறைய படிஞ்சிருக்குட்டி, கேக்கவே மாட்டியா?" என்று வந்து நின்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்து யாரால் கோபப்பட முடியும்?

ஆனால் உங்களுக்குத் திருவிழா என்றால் அது ஐஸ்தான். இங்கே எல்லா வருஷமும் சதுப்பில் ஐஸ் பிடிக்காது. வடக்கே போனால்தான் வழக்கம். ஜெர்சியில் கடுங்குளிர் வந்தால் ஊரே புலம்பும், நீங்கள் மட்டும் டீவியில் வெதர் பார்த்துக் கைதட்டுவீர்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஐஸ் சேற்றோடு ஒட்டி உறைந்துவிடும். பிறகு பெரிய ஏற்றம் வரும்போது ஐஸ் மிதக்கும், அடியில் பிடித்திருக்கும் சேற்றையும் புல் வேரையும் பெயர்த்துக்கொண்டு. கட்டிலகலம், அறையகலம் கட்டிகள். தண்ணீர் உள்ளே ஏறினால் அவையும் உள்ளே போய், எங்கேயாவது தரைதட்டி நின்று உருகும். சுமந்து வந்த சேற்றை அங்கே இறக்கிவிடும். தண்ணீரால் ஒரு வருஷம் முழுக்கக் கொண்டுவர முடியாத சேற்றை ஐஸ் ஒரே நாளில் கொண்டுவந்து போட்டுவிடும் என்று நீங்கள் சொல்லும்போது, ஏதோ நம் சொந்தக்காரப் பையன் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்த மாதிரி இருக்கும்.

அந்தக் கட்டிகள் எங்கே போய் நிற்கின்றன என்று தெரிய, அவற்றின் மேல் பெயின்ட் அடித்து அடையாளம் வைப்பீர்கள். ஒருநாள் அங்கே போய் இறங்கிய பிறகுதான் பெயின்ட் டப்பாவை மறந்தது தெரிந்தது. காரின் பின்னால் நான் நியூவார்க் அவென்யூவில் வாங்கிய மளிகை இறக்காமல் கிடந்தது. என்னைக் கேட்கவுமில்லை நீங்கள். பெரிய மஞ்சள்தூள் பாக்கெட்டைப் பிரித்து ஐஸ் கட்டிகள் மேல் தூவிவிட்டீர்கள். மறுநாள் கழிக்கு உள்ளே வீடு கட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரர், தன் படகுத்துறையில் மஞ்சள் மஞ்சளாக ஐஸ் வந்து ஒதுங்கியதைப் பார்த்து, கெமிக்கல் கொட்டிவிட்டார்கள் என்று போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் போய், இட்ஸ் எ ஸ்பைஸ், ஃபார் கர்ரி என்று கையைக் கட்டிக்கொண்டு விளக்கினீர்களாம். திரும்பி வந்து, அவமானப்பட்டவர் மாதிரியா இருந்தீர்கள்? "அவ்வளவு தூரம் உள்ள போயிருக்குட்டி ஐஸு! நாமளே தேடிருந்தாலும் அங்க போயிருக்க மாட்டோம்" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினீர்கள். வீட்டில் சாம்பாருக்கு மஞ்சள் இல்லை. வெள்ளையாகவே சாப்பிட்டோம்.

அதற்கு அடுத்த குளிர்காலம்தான். கார் மேல் விழுந்த பனியை வாரப் போனீர்கள். நான் ஜன்னலைத் தட்டி, தொப்பி போடுங்க என்று சைகை காட்டினேன். நீங்கள் மண்வாரியைக் காரில் சாய்த்து வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தீர்கள். ஓய்வெடுக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அப்போது அத்தைக்கு வீசா கிடைக்கவில்லை. பெரியத்தான்தான் வந்து எல்லாம் செய்தார். அஸ்தியை ஊருக்கு எடுத்துப்போகலாம் என்றால், அவருக்கு கிரீன் கார்டு நடந்துகொண்டிருந்தது, நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. என் பாஸ்போர்ட்டில் வீசா முத்திரை காலாவதியாகியிருந்தது, போனால் திரும்புவது நிச்சயமில்லை. பார்சலில் அனுப்பலாமா என்றதற்கு அத்தை போனில் அழுதுவிட்டார். "எம்புள்ள பார்சல்ல வர வேண்டாம். எந்தக் கடலா இருந்தா என்ன, எல்லாம் ஒரே தண்ணிதான? கடல்ல சேத்துருங்க. அது போதும்." அத்தை எங்களிடம் கேட்டது அந்த ஒன்றே ஒன்றைத்தான். கடலில் சேர வேண்டும்.

பீச்சுக்குப் போனால் யாராவது பார்த்துக் கேள்வி கேட்பார்கள் என்று பெரியத்தானுக்குப் பயம். எனக்குத் தெரிந்த, ஆள் வராத ஒரே கடற்கரை உங்களுடையதுதான். உங்கள் கழி கடலில் விழும் இடத்துப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். எதிரே கடல் பளிச்சென்று தெரியும். பெரியத்தான் குளிருக்குப் போடும் தெர்மல்ஸுக்கு மேலே வேட்டி கட்டி, உங்களுடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அஸ்திச் செம்பைக் கையில் வைத்திருந்தார். நாள் காலண்டரைக் கிழித்து நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தவர் அவர். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், கடல் எப்போது ஏறும் எப்போது வற்றும் என்று நீங்கள் ஒட்டிவைத்த தாள் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. சாவு வீட்டில் யாருக்கு அது தோன்றும்?

துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். நுரையும் புல் துணுக்கும் கடலுக்குப் போகவில்லை. கடலிலிருந்து வந்துகொண்டிருந்தன.

"பெரியத்தான், தண்ணி உள்ள வருது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பண்ணலாம். வத்த ஆரம்பிச்சப்புறம் விட்டாத்தான் கடலுக்குப் போகும்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம் ஸ்டார்ட் ஆயிடும்மா. எனக்கு ஃப்ளைட் வேற இருக்கு. கடல் எதிர்லயே இருக்கு பாரு, பின்ன வேற எங்க போகும்?"

செம்பைக் கவிழ்த்தார். கனமான துணுக்குகள் அவர் காலடியிலேயே அமிழ்ந்தன. மெல்லிய பொடி சாம்பல் நிறத்தில் தண்ணீரில் விரிந்து, உள்நோக்கி நகர்ந்தது. காற்று ஒரு கைப்பிடியைத் தூக்கி, கரையோரம் மிதந்த ஒரு ஐஸ் கட்டி மேல் போட்டது. அந்தக் கட்டியும் மெல்லத் திரும்பி, கழிக்குள் போக ஆரம்பித்தது. நீங்கள் மஞ்சளைத் தூவி அனுப்புவீர்களே, அதே வழியில்.

அப்போதுதான் பெரியத்தானுக்குப் புரிந்தது. "அய்யோ, உள்ள போறானே. அவன் உள்ள போறானேம்மா" என்று கத்திக்கொண்டு, ஐஸைப் பிடித்து இழுக்கத் தண்ணீரில் இறங்கிவிட்டார். நான் அவர் ஜாக்கெட்டைப் பிடித்துத் தொங்கினேன். டெலிகாம் கம்பெனியில் அத்தனை பேருக்கு மேனேஜராக இருக்கும் மனிதர், முழங்கால் தண்ணீரில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "ஒரே ஒரு வேலதான் சொன்னா அம்மா. அதையும் ஒழுங்காப் பண்ணல நான்."

திரும்பும் வழியில் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, காலிங் கார்டு போட்டு ஊருக்குப் பேசினார். "சேந்துட்டாம்மா. கடல்ல சேந்துட்டான்." கார்டில் நிமிஷம் தீர்ந்து லைன் போய்விட்டது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களிடம் என்ன வெட்கம். அன்றைக்கு அழுகைக்கு நடுவே எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. கடல் உங்களை எடுத்துக்கொள்ளவில்லை, திருப்பித் தந்துவிட்டது என்று. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் போனீர்கள், எனக்காக இல்லை, அது எனக்கும் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். ஒய்டூகே வந்து ஒன்றும் ஆகாமல் போனது, என் கான்ட்ராக்ட் முடிந்து வேறு கான்ட்ராக்ட் வந்தது, குளிர் இல்லாத மேற்குக் கரையில், ஃப்ரீமான்டில், நல்ல வேலை இருக்கிறது வா என்று தோழி கூப்பிட்டாள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம் குளிர் பழகிவிட்டது என்றேன்.

முந்தாநாள் அத்தையை அங்கே கூட்டிப்போனேன். ஐஸெல்லாம் போய்விட்டது. போன வருஷத்துப் புல் பழுப்பாக மடிந்து கிடந்தது. அத்தை புடவைக்கு மேல் பெரியத்தானின் ஜாக்கெட், தலையில் குல்லா, காலில் ஸ்னீக்கர்ஸ். கார் கதவைத் திறந்ததும், "நம்ம உப்பளம் மாதிரில்லா நாறுது" என்றார். துறைப் பலகையில் போய் நின்று, வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தண்ணி உள்ளல்லா போவுது."

"கடல் ஏறுது அத்தை."

"அன்னைக்கி?"

அத்தான், பொய் சொல்ல எனக்கு எல்லா வசதியும் இருந்தது. வற்றிக்கொண்டிருந்தது அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த முகத்தைப் பார்த்தேன். உங்கள் மூக்கு, உங்கள் தாடை. என்னால் முடியவில்லை.

"அன்னைக்கும் ஏறிட்டுதான் இருந்துது."

"பெரியவன் கடல்ல சேந்துட்டான்னு சொன்னானே."

"உங்களால தாங்க முடியாதுன்னு சொல்லிட்டாரு. நேரம் பாத்தவரு தண்ணியப் பாக்கல. அவர் மேல கோவப்படாதீங்க அத்தை, இன்னும் அதை நெனச்சு அழுறாரு."

அத்தை கடலுக்கு முதுகைக் காட்டிப் புல் பக்கம் திரும்பினார். "அப்ப எம்புள்ள எங்க கெடக்கான்?" என்றார். நான் கழிக்கு அந்தப் பக்கம், புல் முடியும் இடம்வரை கையைக் காட்டினேன். அதற்கு மேல் எப்படிக் காட்டுவது? இந்த இடம் என்று ஒரு இடமா இருக்கிறது?

நான் எதிர்பார்க்கவே இல்லை, அத்தை பலகையிலிருந்து இறங்கிவிட்டார். கணுக்கால்வரை சேறு உள்ளே வாங்கியது. ஒரு கால் ஸ்னீக்கர் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நான் அலறிக்கொண்டு பின்னால் குதித்தேன். அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைச் சேற்றின் மேல் வைத்து அழுத்தினார், காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஒப்பாரி வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. உங்களைத் திட்டினார்.

"ஏல, சேத்துல எறங்காத எறங்காதன்னு அடிச்சு அடிச்சு வளத்தேனேல. கேட்டியால நீ?"

எனக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து அழுதோம். தண்ணீர் ஏறி எங்கள் கால் பக்கம் வந்துவிட்டது. போகலாம் அத்தை என்று கையைப் பிடித்து இழுத்தேன். எழுந்திருக்காமல், சேற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இங்கன ரொம்பக் குளிருமாட்டி?"

நான் யோசிக்கவேயில்லை. "மேல ஐஸ் மூடிக்கிடும் அத்தை, போர்வை மாதிரி. அடியில அவ்வளவு குளிராது."

"அவன் சொன்னானா?"

"அவருதான் சொன்னாரு."

அத்தை தலையை ஆட்டினார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீடு வரும்வரை காரில் தூங்கிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் பெரியத்தானுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியால? அழாத. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் போனபிறகு அவர் குரல் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

ஐஸ் போர்வை மாதிரி மூடும் என்று நீங்கள் சொல்லவே இல்லை அத்தான். சேறு எப்படி வரும், எங்கே விழும், எது திரும்பும், எது திரும்பாது, எல்லாம் சொன்னீர்கள். அடியில் குளிருமா என்று மட்டும் நான் உங்களைக் கேட்டதில்லை. எனக்கு அது எதற்கு அப்போது? இப்போது அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் பேரைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை நம்பித் தூத்துக்குடிக்குத் திரும்பிப் போவார். நான் அதை வைத்துக்கொண்டு இங்கேயே இருப்பேன். இனி ஜன்னல் கண்ணாடியில் ஐஸ் பிடிக்கிற ஒவ்வொரு காலையும் இதே கேள்விதான் எனக்கு. இவ்வளவு படித்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.

குளிராதுதானே அத்தான்?